பதிவேட்டில் இல்லாத ஆண்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்பநலத் துறையின் மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கும், துறைச் செயலாளர் அவர்களுக்கும், பொது சுகாதாரத் துறை இயக்குநர் அவர்களுக்கும் வணக்கம்.

பெரம்பலூர் மாவட்டத்தில் துணை சுகாதார நிலையம் ஒன்றில் கிராம சுகாதார செவிலியராக 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். என் எல்லைக்குட்பட்ட ஊர்களில் எந்த வீட்டுப் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, யாருக்கு இரத்தம் ஒன்பதுக்குக் கீழே இருக்கிறது, யார் தாய்வீட்டுக்குப் போயிருக்கிறார், யார் இரும்புச்சத்து மாத்திரையை வாங்கிக் கொல்லைப்புறம் வீசிவிடுகிறார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரு கர்ப்பிணியின் பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டால், பிரசவமாகி 42 நாள் கழியும்வரை அவர் என் பொறுப்பு. அதே வீட்டில் இருந்த ஆண்களைப் பற்றி என்னிடம் இருந்தது ஒரே ஒரு தகவல்தான்: 'கணவர் பெயர்' என்ற கட்டத்தில் எழுதியிருந்த பெயர். இந்த மடல் அந்தக் கட்டத்தைப் பற்றியது.

என் பணிக்காலத்தின் பின்பாதியில், இரண்டு பிரசவத்துக்கும் என்னிடமே பதிந்துகொண்ட பெண் ஒருவர் இருந்தார். கணவர் சென்ட்ரிங் வேலைக்குப் போகிறவர். பரிசோதனை நாளெல்லாம் கூலியை விட்டுவிட்டு, டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில் மனைவியை உட்காரவைத்து மெதுவாக ஓட்டிவருவார். வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி, அதன்மேலேயே சாய்ந்து நிற்பார். "உள்ள வந்து உக்காருங்க தம்பி" என்றால், "இருக்கட்டும் நர்சம்மா, நீங்க அவளப் பாருங்க" என்பார். மேசைமேல் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி திறந்தே இருக்கும். ஒரு முறைகூட அந்தப் பட்டையை அவர் கையில் சுற்றிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. சுற்றியிருந்தாலும் அதை எழுதிவைக்க என்னிடம் கட்டம் இல்லை. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டில், வேலையிடத்தில் தலை கிறுகிறுக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. மூளையில் இரத்தக்கசிவு, பல ஆண்டுகளாகக் கவனிக்காமல் விட்ட இரத்தக்கொதிப்பு என்று மருத்துவர்கள் சொன்னார்கள். வயது 43. காரியத்துக்குப் போயிருந்தபோது அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவருக்கு பிரஷர் இருந்துச்சுன்னு ஒருத்தருக்குமே தெரியலையே நர்சம்மா" என்றார். வீட்டுக்கு வந்து என் பழைய குறிப்பேட்டைப் புரட்டினேன். அந்தப் பெண்ணின் இரத்த அழுத்தத்தை இரண்டு கர்ப்பகாலத்திலும் சேர்த்துப் பதினாறு முறை என் கையால் எழுதியிருந்தேன்.

ஆண்கள் பெண்களைவிடக் குறைந்த காலமே வாழ்கிறார்கள் என்பது இன்று யாருக்கும் புதிய செய்தி அல்ல. இந்திய அரசின் மாதிரிப் பதிவுத் திட்டத்தின் 2016-20 கணக்குப்படி, நாட்டில் ஓர் ஆணின் சராசரி ஆயுட்காலம் 68.6 ஆண்டுகள்; பெண்ணுக்கு 71.4 ஆண்டுகள். இதைக் கேட்டவுடன் "அது இயற்கைதானே" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் அதே திட்டத்தின் 1970-75 கணக்கை எடுத்துப் பார்த்தால், ஆணுக்கு 50.5, பெண்ணுக்கு 49 என்றிருக்கிறது. அன்று நம் நாட்டில் பெண்தான் முந்திச் செத்தாள். 1981-85 காலத்தில்தான் பெண்ணின் கணக்கு மயிரிழையில் முன்னே வந்தது. பீகாரிலும் ஜார்க்கண்டிலும் அண்மைக்காலம்வரை ஆண்களின் ஆயுளே கூடுதலாக இருந்தது. ஒரே நாட்டில், இரண்டு தலைமுறைக்குள், தலைகீழாக மாறக்கூடிய ஒன்றை இயற்கை என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது.

அன்றைக்குப் பெண் ஏன் முந்திச் செத்தாள் என்பது என் தலைமுறைச் செவிலியர்களுக்குத் தெரியும். வீட்டுப் பிரசவத்தில் உதிரப்போக்கு நிற்காமல் செத்தாள். ஜன்னி கண்டு செத்தாள். அடுத்தடுத்த பேறுகளில் உடம்பு தேய்ந்து செத்தாள். சில ஊர்களில் பிறந்த மறுநாளே பெண் என்பதற்காகச் செத்தாள். அதற்காகத்தான் 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. அந்த நிலையை மாற்றியது எது? நம் துறைதான். கர்ப்பிணி வரட்டும் என்று காத்திருக்காமல் வீட்டுவாசலுக்குப் போனோம். ஒவ்வொருவருக்கும் பிக்மி எண் என்ற கர்ப்பிணிப் பதிவு எண் ஒன்று கொடுத்தோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் உதவித்தொகை கொடுத்தோம். ஒரு தாய் இறந்தால், அது எந்த மணிநேரத்தில், எந்த வண்டி வராததால், யார் பார்க்கத் தவறியதால் நடந்தது என்று மாவட்ட ஆட்சியர் முன்னால் உட்காரவைத்துக் கேட்டார்கள். அந்தக் கூட்டங்களில் நானும் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 2001-03-ல் 134 தாய்மார் இறந்தனர். 2018-20-ல் அது 54. நாட்டின் சராசரி அப்போதும் 97-ல் நின்றது. பெண்ணின் ஆயுளை நாம் நீட்டினோம். ஆளுக்கு ஆள் பெயரெழுதி, பின்தொடர்ந்து போய் நீட்டினோம். ஆணுக்கும் அதே உழைப்பைக் கொடுங்கள் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

உடற்கூற்றுக்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் இருப்பதும், மாதவிடாய் நிற்கும்வரை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மைச் சுரப்பு இதயக் குழாய்களுக்குக் காவலாக இருப்பதும் மருத்துவம் ஒப்புக்கொண்டவை. காட்டில் வாழும் பாலூட்டிகளில்கூடப் பெரும்பாலான இனங்களில் பெண்ணே கூடுதலாக வாழ்கிறது. ஆனால் இந்தக் காவலின் அளவு எவ்வளவு என்று கேட்டால், ஜெர்மனியின் பவேரியா மாநிலத்து மடங்களிலிருந்து ஒரு நல்ல விடை கிடைக்கிறது. மார்க் லூய் என்ற மக்கள்தொகை ஆய்வாளர், அங்கே வாழ்ந்த பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட கத்தோலிக்கத் துறவியரின் வாழ்நாள் பதிவுகளை ஆராய்ந்து 2003-ல் வெளியிட்டார். ஆண் துறவிகளும் பெண் துறவிகளும் ஏறக்குறைய ஒரே விதமான உணவு, உழைப்பு, ஓய்வு என்று வாழ்ந்த அந்த மடங்களில், இரு பாலாருக்கும் இடையிலான வேறுபாடு சுமார் ஓர் ஆண்டுதான். மதிலுக்கு வெளியே இருந்த அதே நாட்டு மக்களிடம் அது பல மடங்காக இருந்தது. ஆக, உடற்கூறு தருவது ஏதோ ஓர் ஆண்டு. மீதியை வாழும் முறை தருகிறது.

அந்த மீதி எவ்வளவு பெரிதாக விரியும் என்பதை ரஷ்யாவில் பார்க்கலாம். 1985-ல் கோர்பச்சேவ் மது விற்பனையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தினார். அதற்கு முந்தைய ஆண்டில் 62-க்குச் சற்றுக் குறைவாக இருந்த ரஷ்ய ஆண்களின் சராசரி ஆயுட்காலம், 1987-ல் 65-ஐ நெருங்கியது. கட்டுப்பாடு தளர்ந்து, சோவியத் ஒன்றியமும் சிதறி, வேலையும் வருமானமும் போன 1994-ல் அது 58-க்கும் கீழே விழுந்தது. அதே ஆண்டு ரஷ்யப் பெண்களின் ஆயுட்காலம் 71. பதின்மூன்று ஆண்டு இடைவெளி! பத்தே ஆண்டுக்குள் ஆணின் குரோமோசோம் மாறிவிடவில்லை. குடி மாறியது, கூலி மாறியது, மனம் உடைந்தது.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கடலுக்கு அப்பால் இலங்கையைப் பார்த்தாலே போதும். அங்கேயும் 1940-களில் பெண்களின் ஆயுள்தான் குறைவு. குடும்பநல மருத்துவிச்சிகள் ஊர் ஊராகப் போய் அதை மாற்றினார்கள். நம்மைவிட முன்பாகவே மாற்றினார்கள். ஆனால் 2011-13 கணக்கின்படி இலங்கைப் பெண்களின் சராசரி ஆயுட்காலம் 78.6, ஆண்களுடையது 72. பெண்களைக் காப்பாற்றிய பிறகு ஆண்களைத் தேடிப் போகாவிட்டால் இடைவெளி ஆறு, ஏழு ஆண்டாக விரியும் என்பதற்கு இதைவிடப் பக்கத்து எடுத்துக்காட்டு நமக்கு வேண்டியதில்லை.

நம் மாநிலத்தில் ஆண்கள் எதனால் முந்திப் போகிறார்கள் என்பது துறைக்குத் தெரியாததல்ல. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 25.4 விழுக்காட்டினர் மது அருந்துகிறார்கள், பெண்களில் 0.3 விழுக்காட்டினர். புகையிலைப் பழக்கம் ஆண்களில் 20.1, பெண்களில் 4.9. 2022-ல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களில் ஏறக்குறைய 86 விழுக்காட்டினர் ஆண்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 உயிர்கள். அதே ஆண்டில் தற்கொலையால் இறந்த 1,70,924 பேரில் பத்துக்கு ஏழு பேர் ஆண்கள்; தமிழ்நாட்டின் எண்ணிக்கை 19,834. பீடி, குவாட்டர் பாட்டில், ஹெல்மெட் போடாத தலை, கடன்காரனுக்கு அஞ்சி அணைத்துவைத்த கைபேசி: எங்கள் ஊர்களில் நான் எழவுக்குப் போன வீடுகளில் முக்கால்வாசி இந்த நான்கில் ஒன்றுக்குள் அடங்கும்.

மதுவைப் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். 2003 நவம்பர் 29 முதல் இந்த மாநிலத்தில் மதுவைச் சில்லறையாக விற்பது அரசு நிறுவனமே. கடையைத் திறப்பதும் மூடுவதும் உங்கள் துறையின் கையில் இல்லை என்பதை அறிவேன். ஆனால் ஒரு தாய் இறந்தால் கணக்குக் கேட்கும் துறை, கல்லீரல் வீங்கி நாற்பது வயதில் இறக்கும் ஆண்களின் கணக்கை ஆண்டுதோறும் எடுத்து, அமைச்சரவையின் மேசையில் வைக்கலாம். அந்தக் கணக்கை வைக்கக்கூடிய துறை உங்களுடையது ஒன்றுதான்.

எதுவுமே செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்தது. அந்தத் திட்டத்தின் முதல் மாதங்களில் வேலை செய்ததை என் வாழ்நாள் பெருமையாக நினைக்கிறேன். அதே ஆண்டு டிசம்பரில் வந்த இன்னுயிர் காப்போம் திட்டம், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணிநேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. ஆனால் மக்களைத் தேடிப் போன எங்கள் பெண் தன்னார்வலர்கள் காலை பத்து மணிக்கு வீட்டுக் கதவைத் தட்டியபோது, உள்ளே இருந்தவர்கள் பெண்களும் முதியவர்களும்தான். சென்ட்ரிங் போடுகிறவர் ஆறு மணிப் பேருந்தில் திருச்சிக்குப் போயிருப்பார். லாரி ஓட்டுகிறவர் ஆந்திராவில் இருப்பார். வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறவர் விடியலுக்கு முன்பே கிளம்பியிருப்பார். 2024 தொடக்கத்தில் தொழிலாளரைத் தேடி மருத்துவம் என்ற திட்டமும் வந்தது, நல்ல திட்டம். ஆனால் தேடிப் போவதற்கு ஒரு தொழிற்சாலை வாசலாவது வேண்டும். எங்கள் ஊர் ஆண்களில் மிகப் பலருக்கு அப்படி ஒரு வாசலே இல்லை.

அவர்களாகவே மருத்துவமனைக்கு வரலாமே என்று கேட்பீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் புறநோயாளி சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, மருந்து வாங்கி வெளியே வருவதற்குள் ஒரு நாள் கூலி போய்விடும். நோய் தெரியாத ஒருவர், நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஒரு நாள் கூலியை விடமாட்டார். நானே விடமாட்டேன். இதோடு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதில் எங்களுக்கும் பங்குண்டு. சுகாதார நிலையம் என்பது பொம்பளைகளும் பிள்ளைகளும் போகிற இடம் என்று ஆண்கள் நினைக்கும்படி நாங்களே நடந்துகொண்டோம். குடும்பக் கட்டுப்பாட்டுக்குக்கூட அவர்களை நாங்கள் கூப்பிடவில்லை: அதே குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டுத் தம்பதியரில் மனைவி அறுவை செய்துகொண்டது 57.8 விழுக்காடு, கணவர் செய்துகொண்டது 0.1 விழுக்காடு. இரண்டில் எளிய அறுவை ஆணுக்குச் செய்வதே. இலக்கை எட்ட வேண்டிய அவசரத்தில், வாசலில் நின்ற ஆணை நாங்கள் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. இதை நான் குற்ற உணர்வோடுதான் எழுதுகிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு, கூட வேலை பார்த்த சுகாதார ஆய்வாளர் ஒருவரும் நானும் எங்கள் சொந்தக் கருவியை எடுத்துக்கொண்டு, பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய டீக்கடையில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு உட்காரத் தொடங்கினோம். முதல் நாள் யாரும் அருகில் வரவில்லை. டீ மாஸ்டர்தான் முதலில் கையை நீட்டினார். அவருக்கு மேல் அளவு நூற்றெழுபதைத் தாண்டியது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற கொத்தனார் ஒருவர், கரண்டியும் மட்டப்பலகையும் இருந்த பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். அதன்பின் பேருந்து வரும்வரை கை ஓயவில்லை. உட்கார்ந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர், வாழ்நாளில் முதன்முறையாகப் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். ஒருவருக்குப் பார்க்க ஆன நேரம் இரண்டு நிமிடம். யாரும் கூலியை விடவில்லை. யாரையும் நாங்கள் வற்புறுத்தவும் இல்லை. ஆண்களுக்கு உடம்பின்மேல் அக்கறை கிடையாது என்று இவ்வளவு காலம் நாங்கள் பேசிவந்தது தவறு என்பதை அந்த டீக்கடையில்தான் தெரிந்துகொண்டேன்.

கண்டறிந்தால் மட்டும் போதாது, தொடர்ந்து மருந்து கொடுத்துக் கட்டுக்குள் வைக்க வேண்டும் என்பது உண்மை. 2020-ல் மாநிலம் நடத்திய ஆய்வில், இரத்தக்கொதிப்பு உள்ள நூறு பேரில் ஏழு பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. சில ஆண்டுகள் கழித்து நடந்த இரண்டாம் ஆய்வில் அது 17 ஆக உயர்ந்தது. வீடு தேடிப் போன மாத்திரைக்குக் கிடைத்த பலன் அது. அந்த மாத்திரை, வீட்டில் இல்லாதவரைத் தேடியும் போகவேண்டும்.

ஆகவே நான் முதலாவதாகவும் முதன்மையாகவும் கேட்பது இது. ஒரு பெண் கர்ப்பிணியாகப் பதிவு செய்யும் அன்று, அவர் கணவருக்கும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, அதே பக்கத்தில், பிக்மி எண்ணுக்குக் கீழேயே எழுதுங்கள். 25 முதல் 35 வயதுவரை உள்ள ஓர் ஆண், தானாக விரும்பி, பொறுப்போடு, நம் நிலையத்தின் வாசலுக்கு வந்து நிற்கும் காலம் வாழ்நாளிலேயே அதுதான். மனைவிக்காகவும் பிறக்கப்போகும் பிள்ளைக்காகவும் அன்று அவர் எது சொன்னாலும் கேட்பார். புகையை விடு என்று சொன்னால் யோசிப்பார். அந்த நாளை விட்டுவிட்டால், அடுத்து அவரை நாம் பார்ப்பது ஐம்பது வயதில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு 108 வண்டியில் வரும்போதுதான். இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம், புதிய பணியிடம் வேண்டாம், புதிய கருவி வேண்டாம். பதிவேட்டிலும் இணையப் பக்கத்திலும் இரண்டு கட்டங்கள் போதும்.

அடுத்து, நேரமும் இடமும். வாரம் இரண்டு நாளாவது மாலை ஆறு முதல் எட்டு மணிவரை ஆரம்ப சுகாதார நிலையம் திறந்திருக்கட்டும். காலையில் ஆட்கள் கூலிக்குக் கூடும் முச்சந்தி, உழவர் சந்தை, மண்டி, லாரிப் பட்டறை ஆகிய இடங்களுக்கு மாதம் ஒரு முறை கருவியும் மாத்திரையும் போகட்டும். சுகாதார ஆய்வாளர் பணியிடங்களை நிரப்பி, இந்த வேலையை அவர்களிடம் கொடுங்கள். குடியைப் பற்றியும் கடனைப் பற்றியும் ஓர் ஆண் இன்னோர் ஆணிடம்தான் வாய் திறப்பார். தற்கொலை எண்ணம் வந்தவர் பேசுவதற்கு 104 என்ற எண்ணும், டெலிமனஸ் 14416 என்ற எண்ணும் இருக்கின்றன. அவற்றை மருத்துவமனைச் சுவரில் மட்டும் எழுதாமல், டீக்கடையிலும் சலூனிலும் உரம், பூச்சிமருந்துக் கடையிலும் எழுதச் செய்யுங்கள்.

பெண்களுக்கே இன்னும் போதவில்லை, இதில் ஆண்களுக்கு வேறா என்று என்னோடு வேலை பார்த்த தோழிகளே கேட்டார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. கூடுதலாக வாழும் ஆண்டுகளைப் பெண்கள் சுகமாக வாழ்வதில்லை. மூட்டுவலியோடும் தனிமையோடும் வாழ்கிறார்கள். பெண்களுக்கான செலவில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்க நான் கேட்கவில்லை. ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் கணவரை இழந்த பெண்கள் 4 கோடிக்கும் மேல். மனைவியை இழந்த ஆண்கள் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நான் சொன்ன அந்தப் பெண் இப்போது மாதாமாதம் விதவை உதவித்தொகை வாங்குகிறார், நூறு நாள் வேலைக்குப் போகிறார், மூத்த பிள்ளை பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டான். அவன் இப்போது போவதும் சென்ட்ரிங் வேலைக்குத்தான். அந்த ஆண் வாழ்ந்திருக்க வேண்டிய ஆண்டுகளின் விலையைக் கொடுத்துக்கொண்டிருப்பது ஒரு பெண்.

இன்னொரு சிறு வேண்டுகோள். பிறப்பு, இறப்புப் பதிவுகள் உங்களிடமே இருக்கின்றன. 30 முதல் 60 வயதுக்குள் இறந்த ஆண்கள், பெண்கள் எத்தனை பேர், எதனால் இறந்தார்கள் என்பதை மாவட்ட வாரியாக ஆண்டுதோறும் வெளியிடுங்கள். தாய் இறப்புக்குக் கூட்டம் போடுவதுபோல, நாற்பதுகளில் இறக்கும் ஆண்களுக்கும் மாவட்டத்தில் ஒரு கூட்டம் நடக்கட்டும்.

அடுத்த ஆண்டுக்கான தாய்சேய் நலப் பதிவேடு அச்சுக்குப் போகும் முன், 'கணவர் பெயர்' என்பதற்குக் கீழே 'கணவரின் இரத்த அழுத்தம்', 'கணவரின் சர்க்கரை அளவு' என்று இரண்டு கட்டங்களைச் சேர்த்துவிடுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் செவிலியர்களுக்கு அதை எப்படி நிரப்புவது, தயங்கி வெளியே நிற்கும் கணவரை எப்படி உள்ளே அழைப்பது என்று சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமானால், எந்த மாவட்டமானாலும் என் சொந்தச் செலவில் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
பெரம்பலூர் மாவட்டம்